சபை கீழே இறங்கிய நாள்

1

சென்ற மாதம் எனக்கு ஒரு சான்றிதழ் தந்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டது. இங்கிலாந்தின் இந்த நகரத்து உள்ளூராட்சிச் சபையில் இருபது வருடம் பஸ் ஓட்டியதற்காக. ஒரு கேக்கும் வெட்டினார்கள். மேலதிகாரி என் பெயரை வாசிக்கும்போது வழக்கம்போல நடுவில் இரண்டு எழுத்தை விழுங்கினார். இருபது வருடமாக விழுங்குகிறார். அவருக்கும் செமித்துவிட்டது, எனக்கும் பழகிவிட்டது.

நான் ஓட்டுவது சாதாரண பஸ் இல்லை. நடக்க முடியாதவர்களையும் பார்வையில்லாதவர்களையும் வீட்டு வாசலில் ஏற்றி, மருத்துவமனைக்கும் சந்தைக்கும் பகல்நேர நிலையத்துக்கும் கொண்டுபோய் விடுகிற சிறிய பஸ். பின்பக்கம் ஒரு இரும்புத் தட்டு தரைவரை இறங்கும். சக்கர நாற்காலியை அதில் நிறுத்திப் பொத்தானை அமத்தினால் ஆளோடு மேலே எழும்பும். உள்ளே நாற்காலியின் நான்கு மூலைக்கும் கொக்கி போட்டுப் பூட்ட வேண்டும். இதை நான் கண்ணை மூடிக்கொண்டும் செய்வேன்.

இந்தச் சபையைப் பற்றி ஊருக்குப் பெருமையடிக்காத நாள் இல்லை. ஒருவருக்குக் கால் இயலாமல் போனால் சபையிலிருந்து ஆள் வந்து வீட்டுக் கதவின் அகலத்தை அளப்பார். குளியலறையில் பிடித்து எழும்பக் கம்பி பூட்டுவார்கள். சபை எடுக்கிற எந்தத் தீர்மானமும் எல்லா மனிதருக்கும் சமமாகப் பொருந்துமா என்று பார்ப்பதற்கென்றே ஒரு மேசையும் அதற்குப் பின்னால் ஒரு பெண்மணியும் உண்டு. இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லிச் சொல்லி ஊர்ச் சனத்தின் காதில் இரத்தம் வராத குறை.

சொல்லாமல் விட்டவையும் உண்டு. என் பஸ்ஸில் வருகிற ஒருவருக்கு ஒரு கால் முழங்காலோடு இல்லை. சில வருடங்களுக்கு ஒருமுறை அவருக்கு ஒரு தடித்த படிவம் வரும்: உங்கள் நிலையில் ஏதாவது மாற்றம் உண்டா? "இன்னும் முளைக்கவில்லை" என்று எழுதட்டுமா என்று என்னிடம் கேட்பார். அந்தப் படிவத்தோடு அவர் படுகிற பாட்டை நான் ஊருக்குச் சொன்னதில்லை.

சான்றிதழ் கிடைத்த அன்று தங்கைக்கு அழைத்தேன். இருபது வருடம் என்று தொடங்கினேன். "அண்ணன், நல்லம், சந்தோசம். நான் மறுகா எடுக்கன். சபையில மகஜர் ஒண்டு குடுக்க ஆக்கள் வந்து நிக்காங்க" என்று வைத்துவிட்டாள். என் சபைப் பெருமையைக் கேட்க அவளுக்கு நேரமில்லை, ஏனென்றால் அவளே இப்போது ஒரு சபை உறுப்பினர். அது எப்படி வந்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

தங்கையின் பெயர் வசந்தி. என்னைவிட மூன்று வயது இளையவள். எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், சூரியன் படுகிற பக்கத்தில் இருக்கிறது. அதனால் அந்தப் பக்கம் முழுவதையும் படுவான்கரை என்போம். ஊர்ப் பெயரை எழுதவில்லை. இதில் வருகிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு முறையில் எனக்குச் சொந்தம். அடுத்த தடவை போகும்போது சோறு போட ஆள் வேண்டும்.

வசந்திக்குப் பதினைந்து வயதாக இருக்கும்போது ஷெல் துண்டு ஒன்று முதுகில் பாய்ந்தது. உயிர் தப்பியது, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அன்றிலிருந்து நான் நாட்டை விட்டுப் புறப்படும்வரை அவளுக்குக் கால் நான்தான். பரீட்சைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வாவியைக் கடக்க அப்போது 'பாதை' என்று ஒரு மிதவை ஓடும். வள்ளங்களின் மேல் பலகை அடித்து, ஆட்களையும் சைக்கிள்களையும் அக்கரைக்குக் கொண்டுபோகிற தட்டு. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அவளை அதில் ஏற்றியிருக்கிறேன். மண்டூர்த் திருவிழாவுக்குப் போய், சனத்துக்கு நடுவே அவளை முதுகில் வைத்துக்கொண்டு சுவாமி பார்த்திருக்கிறேன். "இப்படி ஒரு தமையன் கிடைக்கக் கொடுத்து வைக்கவேண்டும்" என்று ஊர் சொன்னது. எனக்கும் அந்தப் பேச்சு இனித்தது, மறைப்பானேன்.

நான் வந்த பிறகு அவள் தையல் பழகினாள். ஊரில் இயலாமையோடு இருக்கிற பெண்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினாள். யாருக்குச் சக்கர நாற்காலி வேண்டும், யாருக்கு மாதக் கொடுப்பனவு நின்றுபோயிற்று என்று பிரதேச செயலகத்துக்கும் கிராம சேவகருக்கும் கடிதம் எழுதுவதுதான் அவளுடைய பொழுதுபோக்கு. கடைசியாக நடந்த தேர்தலில் பெண்களுக்கான இடம் ஒன்றில் பிரதேச சபைக்குப் போனாள். எங்கள் பக்கத்தில் சக்கர நாற்காலியில் சபைக்குப் போன முதல் ஆள் அவள்தான் என்றார்கள். நான் வேலையிடத்தில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தேன்.

இனிப்பு முடியுமுன் பிரச்சினை வந்துவிட்டது. சபையின் கூட்ட மண்டபம் மேல்மாடியில் இருக்கிறது.

3

முதல் அமர்வு நாள். வசந்தி மோட்டார் பூட்டிய தன் மூன்று சில்லு வண்டியில் போய், சக்கர நாற்காலிக்கு மாறி, படிக்கட்டின் அடியில் நின்றாள். சபைத் தலைவரான தவிசாளர் இறங்கி வந்தார். நல்ல மனிதர், வயல் வட்டையில் நெல் செய்கிறவர், எங்களுக்குத் தூரத்து மச்சான் முறை. கூடவே நான்கு உறுப்பினர்கள், வெள்ளைச் சேட்டுக் கையை மடித்துக்கொண்டு.

"புள்ள, நீ ஒண்டுக்கும் யோசியாத. கதிரையோட தூக்கிருவம்."

"வேணாம் மச்சான்."

"என்ன வேணாம்? திருவிழாவுக்குச் சாமியையே தூக்கிற தோள் இது. உன்னத் தூக்கிறது எங்களுக்கு மரியாததானே."

அவர் அதை மனதாரத்தான் சொன்னார். எங்கள் ஆட்களுக்கு மதிப்பைக் காட்டத் தெரிந்த வழி தூக்குவதுதான். சாமியைத் தூக்குவோம், மாப்பிள்ளையைத் தூக்குவோம், செத்தவரைத் தூக்குவோம். வசந்தி சொன்ன பதிலை அவளே எனக்குச் சொல்லிக் காட்டினாள்.

"மச்சான், சாமி கை உயத்தி வாக்குப் போடுறல்ல. நான் வாக்குப் போட வந்திரிக்கன். மற்ற உறுப்பினரெல்லாம் தங்கட பாட்டில போய் இரிக்கிற இடத்துக்கு நானும் என்ர பாட்டில போகணும்."

நால்வரும் மடித்த சேட்டுக் கையை இறக்கிவிட்டார்கள். கூட்டம் மேலே நடந்தது. அவள் கீழே இருந்தாள். வரவுப் பதிவேட்டைக் கீழே அனுப்பச் சொன்னாள். செயலாளர் சட்டம் தெரிந்தவர். பதிவேடு மண்டபத்தை விட்டு வெளியே வரக்கூடாது என்றார். போகும்போது மெல்லிய குரலில் இன்னொன்றும் சொன்னார்: "தங்கச்சி, விடுமுறை கேக்காமத் தொடர்ந்து மூண்டு கூட்டத்துக்கு வராட்டி உறுப்புரிமை போயிரும். பாத்துக்கங்க."

விடுமுறை கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கலாம். "வந்து வாசல்ல நிக்கிறவள் வரல்ல எண்டு எப்பிடிக் கடிதம் எழுதிற?" என்று அவள் மறுத்துவிட்டாள். ஆக, மூன்றில் ஒன்று போயிற்று.

4

நான் என்ன செய்தேன் என்பதை இனி எழுத வேண்டும். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

இந்த வேலையில் சேர்ந்த முதல் மாதம், பஸ்ஸில் ஒரு வெள்ளைக்கார மூதாட்டி வருவார். மழை நாள். அவர் நனைகிறாரே என்று ஓடிப்போய் நாற்காலியின் பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். போதாக்குறைக்கு, "உங்களை இறக்கிவிடுகிறேன்" என்று சொல்வதாக நினைத்து, குப்பை கொட்டுவதற்கு அவர்கள் சொல்லுகிற 'டம்ப்' என்ற சொல்லைச் சொல்லிவிட்டேன். அதற்கு அவர் சிரித்தார். நாற்காலியில் கை வைத்ததற்குச் சிரிக்கவில்லை. "இது என் உடம்பின் ஒரு பாகம். கேட்டுவிட்டுத் தொடு" என்றார். முறைப்பாடும் போயிற்று. ஒரு நாள் முழுவதும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "இரக்கப்பட்டதும் இந்த நாட்டில் குற்றமாம்" என்று புறுபுறுத்தேன்.

பிறகு அது பழகிவிட்டது. கேட்காமல் யாரையும் தொடுவதில்லை. அந்த நல்ல பழக்கத்துக்கும் சேர்த்துத்தான் சான்றிதழ். ஆனால் வசந்தி படிக்கட்டின் அடியில் நிற்கிறாள் என்று கேட்டதும் நான் சொன்னது இது:

"வசந்தி, ஒரு நாளைக்குத் தூக்கட்டுமே. என்ன கெட்டுப்போச்சு? முதல்ல உள்ள போ, கதிரயப் பிடி. மறுகா சண்டை பிடிக்கலாம்தானே."

ஊருக்கு உபதேசம் என்பது இதுதான்.

"அண்ணன், நீங்க என்னத் தூக்கிட்டுப் போற நாளையில நான் விடியக் காலத்தால இரிந்து ஒரு மிடறு தண்ணி குடிக்கிறல்ல. தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"குடிச்சா ஒதுங்கணும். ஒதுங்கணும் எண்டா உங்களிட்டச் சொல்லணும். நீங்க கூட்டாளிமாரோட கதைச்சிட்டு நிப்பீங்க. மண்டூர்த் திருவிழாவில எனக்கு மயக்கம் வந்தது வெயிலால இல்ல."

அன்று அவளை முதுகில் சுமந்துகொண்டு நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றது நினைவிருக்கிறது. தாகமா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

பக்கத்தில் மகள் ஆரணி இருந்தாள். இங்கேயே பிறந்து பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். அவளுடைய தமிழ் வர வர மெலிந்துகொண்டு போகிறது, ஊர் என்றால் அவளுக்கு வெயிலும் நுளம்புக் கடியும்தான் என்பது என் நெடுநாள் கவலை. "அப்பா, மாமி சரி. நீங்க பிழை" என்றாள். ஐந்தே சொல். இலக்கணம் கிடக்கட்டும், அவளுக்கு உடனே விளங்கியது எனக்கு விளங்க இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது. அன்றிலிருந்து ஆரணியும் வசந்தியும் தனியாகப் பேசத் தொடங்கினார்கள். என்னைக் கேட்பதில்லை.

5

இரண்டாவது கூட்டத்துக்கும் வசந்தி போனாள். படிக்கட்டின் அடியிலேயே இருந்தாள். மேலே கூட்டம் நடக்கிற சத்தம் கேட்டதாம், சொல் ஒன்றும் பிடிபடவில்லையாம். பொழுது போகாமல் வளவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிறுபோக வெட்டுக் காலம். சபை வளவின் மறுபக்கத்தில் ஒரு பழைய பொது மண்டபம், மாடி இல்லாதது. அதற்கு முன்னால் நீளமான சீமெந்துத் தரை. அதில் நெல் காயப்போட்டு, ஒரு பெண் காலால் அளைந்து கிளறிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் வெயில் விழுகிற சீமெந்துத் தரையைக் கண்டால் சனத்துக்குக் கை சும்மா இருக்காது. வீதியென்றாலும் நெல் பரவி, நாலு கல்லை வைத்துவிடுவார்கள். அதனால் வசந்திக்கு முதலில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான், இந்தக் களம் ஏன் சரிவாக இருக்கிறது என்று யோசித்தாள். நாற்காலியை உருட்டிக்கொண்டு போனாள்.

"என்னகா, இந்தக் களத்துக்கு ரெண்டு பக்கமும் கம்பி எதுக்கு?"

"அது சாக்குக் காயப்போட, வசந்தியக்கா."

"ஆரு சொன்ன?"

"ஆரும் சொல்லல்ல. நாங்க அப்பிடித்தான் போடுற."

அது களமே இல்லை. சக்கர நாற்காலி ஏறுவதற்குக் கட்டிய சாய்வுப் பாதை. இரண்டு பக்கமும் கைபிடிக் கம்பி. சுனாமியில் கடல் வந்து கரையோரத்தை அழித்துப் போன பிறகு, யாரோ உதவிக்கு வந்தவர்கள் மண்டபத்தைத் திருத்தும்போது சட்டப்படி அதையும் கட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் ஒருவரும் வரவில்லை. வருகிற வழியில் பஸ் ஏற முடியாது, எப்படி வருவார்கள்? ஆகவே ஊர் அதைக் களமாக்கிவிட்டது. மண்டபத்துக்குள்ளே கூரை முட்ட நெல் மூட்டை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

இதை எனக்குச் சொல்லும்போது வசந்தியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அண்ணன், அதுக்க கிடக்கிற மூட்டையில தவிசாளர்ர நெல்லும் இரிக்கு. எங்கட நெல்லும் நாலு மூட்ட இரிக்கு. நான்தான் குடுத்து அனுப்பின. எங்க காயப்போட்ட எண்டு ஒருநாளும் கேக்கல்ல."

அடுத்த அமர்வை அந்த மண்டபத்தில் வைக்கும்படி கடிதம் கொடுத்தாள். செயலாளரிடமிருந்து மரியாதையான பதில் வந்தது. கூட்டம் நடக்கும் இடத்தை மாற்றச் சபையில் பிரேரணை கொண்டுவர வேண்டும். பிரேரணையை உறுப்பினர் அமர்வில் சமுகமளித்து முன்வைக்க வேண்டும். அமர்வு மேல்மாடியில் நடைபெறும். இந்த மாதிரிக் கடிதத்தை எங்கே கண்டாலும் எனக்கு அடையாளம் தெரியும். முளைக்காத காலைப் பற்றி விசாரிக்கிற அந்தப் படிவத்துக்குக் கூடப்பிறந்தது.

மூன்றாவது கூட்டத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. அதற்கும் உள்ளே போகாவிட்டால் ஊர் கொடுத்த இடம் கையை விட்டுப் போய்விடும். இந்தத் தடவை நான் ஒரு யோசனையும் சொல்லவில்லை. "உனக்கு என்ன வேணும்?" என்று மட்டும் கேட்டேன். "அண்டைக்கு வீடியோவில நில்லுங்க. சாட்சிக்கு" என்றாள்.

6

எங்களுக்கு விடிகிற நேரம், அங்கே காலை பத்து மணி. ஆரணி வழக்கமாக அந்த நேரத்தில் எழும்புகிறவள் இல்லை. அன்று எனக்கு முன்னால் எழும்பித் தேநீர் போட்டு வைத்திருந்தாள். வேலைக்குப் போகிற உடுப்போடு நானும் உட்கார்ந்தேன். வசந்தியின் சங்கத்துப் பெண் ஒருத்தி தொலைபேசியைப் பிடித்துக் காட்டினாள்.

சாய்வுப் பாதையில் ஒரு நெல்மணி இல்லை. நெல் காயப்போடுகிற பெண்கள் விசயம் கேள்விப்பட்டு முதல்நாளே மூட்டைகளை வீட்டுக்கு ஏற்றிவிட்டு, தும்புத்தடியால் கூட்டிக் கழுவியும் விட்டார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. "வசந்தியக்காட வழியில நெல்லப் போட்டிட்டமே" என்று அவர்களுக்குத்தான் மனம் கேட்கவில்லையாம். தவிசாளரின் மூட்டைகளையும் அவருடைய வீட்டு வாசலில் அடுக்கிவிட்டு வந்திருக்கிறார்கள்.

வசந்தி சாய்வின் அடியில் நின்று ஒருமுறை மேலே பார்த்தாள். இரண்டு கையாலும் சில்லைப் பிடித்து உருட்டினாள். பாதி வழியில் மூச்சு வாங்கியது. தொலைபேசி பிடித்த பெண்ணின் கை தன்னையறியாமல் நாற்காலியை நோக்கிப் போனதைப் படத்தில் கண்டேன். "விடுகா, நான் வாறன்" என்றாள் வசந்தி. ஏறி, மண்டபத்துக்குள் போய், நடுவில் கிடந்த மேசைக்கு முன்னால் நாற்காலியை நிறுத்தினாள். பிறகு சபைப் பணியாளர் ஒருவரைக் கூப்பிட்டு, மேலே சொல்லி அனுப்பினாள்: "நான் அமர்வுக்கு வந்திரிக்கன். மற்ற உறுப்பினரெல்லாம் எங்க எண்டு கேட்டனான் எண்டு சொல்லுங்க."

ஒன்றும் நடக்கவில்லை. மேல்மாடி யன்னலில் தலைகள் வந்து வந்து போயின. செயலாளர் கையை ஆட்டி ஏதோ விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தது தெரிந்தது. வசந்தியின் முகத்தைக் காட்டச் சொன்னேன். உதட்டைக் கடித்துக்கொண்டு பதிவேடு வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு தவிசாளர் படியில் தெரிந்தார். தலையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. தன்னுடைய கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். முற்றத்தின் நடுவில் நின்று மேலே பார்த்துக் கத்தினார்:

"ஏறத் தெரிஞ்ச ஆக்களுக்கு இறங்கத் தெரியாதா? உங்கட உங்கட கதிரையத் தூக்கிட்டு வாங்கடாப்பா. செயலாளர், பதிவேட்டையும் கொண்டாங்க. சபை எங்க இரிக்கோ அங்கதான் பதிவேடும்."

ஒவ்வொருவராக வந்தார்கள். வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலையில் கதிரையோடு, அந்தச் சாய்வுப் பாதையால் வரிசையாக ஏறினார்கள். முதல் நாள் அவளைத் தூக்க வந்த அந்த நான்கு பேரும் இருந்தார்கள். ஆரணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். செயலாளர் கடைசியாக, பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். மேசையில் விரித்து, தன் பேனையையே எடுத்து நீட்டினார். வசந்தி ஒப்பமிட்டாள்.

இனிமேல் அமர்வுகள் இந்த மண்டபத்திலேயே நடக்க வேண்டும் என்ற பிரேரணையை அவள் வாசித்தாள். வாக்கெடுப்பில் அவளுடைய கைதான் முதலில் உயர்ந்தது. பிறகு எல்லாக் கைகளும். என் தங்கை. என்னுடைய இருபது வருடச் சான்றிதழைக் கொண்டுபோய் வாவியில் போடலாம் என்று இருந்தது எனக்கு. இவ்வளவு பெருமையை என் வாழ்நாளில் நான் பட்டதில்லை.

நான் அத்தோடு முடிந்தது என்று நினைத்து எழும்பினேன். "அப்பா, இருங்க" என்று ஆரணி கையைப் பிடித்தாள்.

அமர்வைப் பார்க்க யாரும் வரலாம் என்பது எப்போதும் இருந்த விதி. மேல்மாடியில் அதற்கென்று போட்ட இருக்கை வாங்குகளில் தூசிதான் இருந்தது. இப்போது மண்டப வாசலில், செய்தி கேள்விப்பட்டு வந்த ஆட்கள் தெரிந்தார்கள். ஊன்றுகோலில் ஒருவர். தலை நிற்காத பெரிய பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தாய். தள்ளுவண்டியில் இரண்டு பேர். கம்பியைத் தடவிக்கொண்டு, பார்வையில்லாத ஒரு பெரியவர். முழங்கால் நோவுக்காரக் கிழவிகள் ஐந்தாறு பேர், காய்ந்த சாக்கை விரித்து ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டார்கள். இடம் போதாமல் வாசல்வரை நிறைந்துவிட்டது.

தவிசாளர் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அந்த ஊரிலேயே பிறந்து அந்த ஊரிலேயே நரைத்த மனிதர்.

"இவ்வளவு பேரும் இத்தனை வருசமா எங்க இரிந்த நீங்க?" என்று கேட்டார்.

பார்வையில்லாத பெரியவர்தான் பதில் சொன்னார்.

"கீழதான் இரிந்தம் தம்பி."